“நான் சாகப்போகிறேனா?” என்று கேட்டவரிடம் பொய் சொல்லிவிட்டேன்

கேள்வி: அன்புள்ள டாக்டர், எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில், மெடிக்கல் வார்டில், மூன்று வருடமாக நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் இரவுப் பணியில் 78 வயதுத் தாத்தா ஒருவர் விடிகாலை மூன்று மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சாகப்போகிறேனா, லவ்?” என்று கேட்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நுரையீரல் நோய் முற்றியிருந்தது. “ஐயோ, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்” என்று சொல்லிவிட்டேன். இரண்டே நாளில் இறந்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பியிடம் போனில் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நான் சொன்னதை நம்பி, ‘வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்’ என்று இருந்துவிட்டாராம். மகள் புகார் கொடுத்திருக்கிறார். வார்டு மேனேஜர் நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார். நான் ஆறுதலுக்குத்தானே சொன்னேன்? அந்த மகளோ, அப்பாவின் கடைசி ராத்திரியில் ஒன்பது மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு, “எதுவானாலும் காலையில் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனவர். இந்த ஊர்க்காரர்களுக்குப் பாசமே கிடையாதா?

அதே வாரம் பங்களாதேஷின் சில்ஹெட்டைச் சேர்ந்த ஒரு பாட்டி. கட்டிலைச் சுற்றி இருபது பேர். பாட்டியின் வாயில் ஏதோ தண்ணீர் விடப்போனார்கள், என்னோடு பணியில் இருந்தவர் தடுத்துவிட்டார், பெரிய சத்தமாகிவிட்டது. “நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, போய்ப் பேசு” என்று என்னை அனுப்பினார்கள். எனக்கு அவர்கள் மொழியும் தெரியாது, மதமும் தெரியாது. நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி.

இரண்டு வருடத்துக்கு முன் என் அப்பா ஊரில் இறந்தபோது போக முடியவில்லை. “சும்மா காய்ச்சல்தான் மக்களே, நீ டூட்டியைப் பாரு” என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். வீடியோ காலில்தான் முகத்தைப் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு மரணத்துக்கும் அழுகை வருகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கு இல்லையோ?

— பெயர் வேண்டாம், இங்கிலாந்து

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கானவர்தான். ஆனால் அந்த விடிகாலையில் நீங்கள் சொன்ன பதில் தவறு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதில் பழகியவள்தான். ஹவுஸ் சர்ஜனாக இருந்த நாளில், வாய்ப்புற்று முற்றிய பெரியவரிடம் “ஒண்ணுமில்லீங்கய்யா, புண்ணுதான், ஆறிடும்” என்போம். அப்புறம் மகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க” என்போம். சாவு என்ற சொல் எங்கள் வாயில் வராது. மகனுக்கு அது போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி கட்டிலுக்குத் திரும்புவார். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. பாரத்தை நோயாளியின் தலையிலிருந்து இறக்கி வீட்டார் தோளில் வைக்கிறோம் என்றுதான் நினைத்தோம். அதில் அன்பு இல்லை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

பிறகு 11 வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்தேன், பெரும்பகுதி ஹாஸ்பைஸில், அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில். போன புதிதில் என் கால் தானாகவே உறவினர் அறையைத் தேடித்தான் போகும். அங்கே ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். அதட்டமாட்டார். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் மெதுவாக ஒரே கேள்விதான் கேட்பார்: “அவரிடம் கேட்டீர்களா, டாக்டர்?” ஒரு மாதம் இதைக் கேட்டபிறகுதான் என் கால் திரும்பியது.

‘மறைப்பது நம் பழக்கம், சொல்லிவிடுவது அவர்கள் பழக்கம், இரண்டும் ஒட்டாது’ என்று உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு எண்ணம் ஓடுகிறது. அது அவ்வளவு உறுதியான கோடு இல்லை. அமெரிக்காவில் 1961-இல், சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் கேட்டார்கள்: புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வீர்களா? ஏறக்குறைய 90% பேர் சொல்லாமல் விடுவதையே விரும்பினார்கள். காரணமும் நாம் சொல்வதுதான்: நம்பிக்கை போய்விடும், மனம் உடைந்துவிடும். 1979-இல் வேறொரு அமெரிக்க மருத்துவமனையில் அதே கேள்விகளைக் கேட்டபோது 97% பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருடம். அதே நாடு, அதே மொழி, அதே கோயில் குளம். சிகிச்சை மாறியது, நோயாளியின் உரிமை பற்றிய பேச்சு வந்தது, மருத்துவர்களின் பழக்கம் அடியோடு மாறிவிட்டது. ஆகவே வார்டில் நீங்கள் காண்பது ‘வெள்ளைக்காரர் குணம்’ என்பதைவிட மருத்துவமனை என்ற ஊரின் வழக்கம். நாமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது மதுரைப் பக்கம் வீடு வீடாகப் போகிறேன். “எனக்கு என்னன்னு நீங்களாவது சொல்லுங்கம்மா, இவங்க மூஞ்சியைப் பார்த்தே பயமா இருக்கு” என்று கேட்கும் பெரியவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலிஸில் நான்கு சமூகங்களைச் சேர்ந்த 65 வயது தாண்டிய 800 பேரிடம், உடம்பெல்லாம் பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் 87%, ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 88% பேர் சொல்ல வேண்டும் என்றார்கள். கொரிய அமெரிக்கர்களில் 47% பேர்தான் அப்படிச் சொன்னார்கள். பாடம் நடத்துகிறவர்கள் உடனே ‘கொரியர்களிடம் சொல்லக்கூடாது’ என்று எழுதிப்போட்டுவிடுவார்கள். நான் அந்த 47-ஐத்தான் பார்க்கிறேன். சொல்லாத சமூகம் என்று பெயரெடுத்த இடத்திலும் பாதிக்குப் பாதி பேருக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஐரோப்பியரிலும் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அந்தப் பக்கம் வரவில்லை. கட்டிலில் கிடப்பவர் இதில் எந்தப் பக்கம் என்று முகத்தையோ பாஸ்போர்ட்டையோ பார்த்துச் சொல்ல முடியுமா? கேட்டால்தான் தெரியும்.

உங்கள் பஸ் ஓட்டுநர் தாத்தா அந்தச் சிரமத்தைக்கூட உங்களுக்கு வைக்கவில்லை. அவரே வாயைத் திறந்து கேட்டுவிட்டார். விடிகாலை மூன்று மணிக்கு, மற்றக் கட்டில்களெல்லாம் தூங்கும் நேரத்தில், மகளிடம் கேட்காததை, டாக்டரிடம் கேட்காததை, உங்களிடம் கேட்டார். அந்த வடக்குச் சீமையில் கடைக்காரம்மாகூட எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார், உங்கள் ஊரில் பெரியவர்கள் ‘மக்களே’ என்பதைப்போல. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ‘லவ்’ வெறும் வழக்கச்சொல் இல்லை. உங்களை நம்பினார். அதனால்தான் தம்பிக்குப் பேசுவதைத் தள்ளிப்போட்டார்.

சரி, என்ன சொல்லியிருக்கலாம்? “ஆமாம், சாகப்போகிறீர்கள்” என்று போட்டு உடைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நிறைய இளம் நர்ஸுகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பொய், போட்டு உடைப்பது, இந்த இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் உட்காருவேன். நின்றுகொண்டு சொல்லும் எந்தப் பதிலும் ‘எனக்கு வேலை கிடக்கிறது’ என்றுதான் காதில் விழும். கை அவர் கையிலேயே இருக்கட்டும். பிறகு, “ஏன் இப்போது இதைக் கேட்கிறீர்கள்? மனசில் என்ன ஓடுகிறது?” என்பேன். பத்தில் எட்டுப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்கள் பதில் கேட்பதில்லை, துணை கேட்கிறார்கள். “எனக்குத் தோணுது, இந்த முறை வீட்டுக்குப் போக மாட்டேன்னு” என்று அவரே சொல்லிவிடுவார். அப்போது, “எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. உங்கள் உடம்பு நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டு வருகிறது. காலையில் டாக்டர் வந்ததும் உங்களோடு விவரமாகப் பேசச் சொல்கிறேன். அதுவரை நான் வந்து வந்து பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். ஒரு நர்ஸ் இதைச் சொல்வதில் எந்த வரம்புமீறலும் இல்லை. அப்புறம் முக்கியமான கேள்வி: “யாரிடமாவது பேச வேண்டும் என்று இருக்கிறதா?” அவர் தம்பியைச் சொல்லியிருப்பார். இங்கிலாந்தில் விடிகாலை மூன்று என்றால் ஆஸ்திரேலியாவில் பகல். அந்த நிமிடமே போன் போட்டிருக்கலாம்.

இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அடுத்த முறை யாராவது கேட்கும்போது உங்கள் மனசில் இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நடந்ததை அந்த இரவே குறிப்பில் எழுதி, காலையில் டாக்டரிடம் வாய்வார்த்தையாகவும் சொல்லுங்கள். “இன்றைக்கு ராத்திரி இப்படிக் கேட்டார்” என்ற அந்த ஒரு வரி எத்தனையோ ஸ்கேன் ரிப்போர்ட்டைவிடப் பெரியது.

தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. “எனக்கு ஒன்றும் சொல்லாதீர்கள், மகனிடம் பேசுங்கள்” என்று நோயாளி சொன்னால் அதுவும் அவர் முடிவு, மதிக்க வேண்டியதுதான். அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும், மகன் எடுக்கக்கூடாது. இங்கிலாந்தில் சட்டமும் அங்கேதான் நிற்கிறது. இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற உத்தரவை நோயாளியைக் கலக்காமல் போட்டது தவறு என்று, ஜேனட் டிரேசி என்பவரின் வழக்கில் 2014-இல் அப்பீல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டால் வருத்தப்படுவார் என்பது மட்டும் கேட்காமல் விடக் காரணமாகாது என்பது அதன் சாரம். வருத்தம் வேறு, உண்மையான தீங்கு வேறு.

சொல்லிவிடும் ஊர் என்றாலும் அவர்களுக்கும் மூடு சொற்கள் உண்டு, கவனித்திருப்பீர்கள். “அம்மா ரொம்ப புவர்லியாக இருக்கிறார்” என்று வார்டில் சொன்னால் உடம்பு சுகமில்லை என்று பொருளா? பிழைக்க மாட்டார் என்று பொருள். அந்த ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும். வெளியூரிலிருந்து வந்த குடும்பத்துக்குப் புரியாது, புதிதாக வந்த நர்ஸுக்கும் புரியாது. நம் “சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” மாதிரிதான் இதுவும்.

இப்போது அந்த மகளிடம் வருகிறேன். ஒன்பது மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு போனவர். நானும் போன புதிதில் இப்படித்தான் மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பெரியவர், நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர், நினைவு தப்பிக் கிடந்தார். மகள் தினமும் மதியம் இரண்டு மணிக்கு வருவார். அழமாட்டார். கையைக்கூடப் பிடிக்கமாட்டார். பேப்பரை மடித்துவைத்து, குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்புகளை வாய்விட்டு வாசிப்பார். ஒரு குறிப்பை வாசித்துவிட்டு, பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு எழுதுவார். சரியாக ஒரு மணி நேரம். எழுந்து போய்விடுவார். அப்பா சாகக் கிடக்கும்போது இது என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நான்காம் நாள் நானும் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடைவெளி அப்பாவின் முறை. பல வருடமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து போடும் புதிர் அது. அப்பா பதில் சொல்லக் காத்திருந்துவிட்டு, சொல்லாததால் தானே எழுதுகிறார். அன்றைக்கு நான்தான் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது.

நாம் மாரடித்து அழுவதைப் பார்த்து அவர்கள் ‘கட்டுப்பாடு இல்லாதவர்கள்’ என்று நினைத்தால் நமக்கு எவ்வளவு வலிக்கும்? அழாமல் போகிறவரைப் பார்த்து ‘பாசம் இல்லாதவர்’ என்று நாம் நினைப்பதும் அதே தப்புதான். உங்கள் நோயாளியின் மகள் ஏன் போனார் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்திருக்கலாம். அப்பாவே போகச் சொல்லியிருக்கலாம், சில அப்பாக்கள் பிள்ளை முன்னால் சாக விரும்புவதில்லை. அல்லது “இன்னும் நாள் இருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார்” என்று அவரும் நம்பியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். “இன்று ராத்திரி இருந்தால் நல்லது” என்று அவரிடம் யாராவது சொன்னார்களா? இந்த மாதிரி நேரத்தில், “இறந்தபிறகு கூப்பிட்டால் போதுமா, மாற்றம் தெரிந்தாலே கூப்பிட வேண்டுமா? எந்த நேரமானாலும் பரவாயில்லையா?” என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தானாகக் கேட்கக் கூச்சப்படும் ஜனங்கள் அவர்கள்.

சில்ஹெட் பாட்டியின் வாயில் விடப்போன தண்ணீர் அநேகமாக ஜம்ஜம் தண்ணீராக இருக்கும், மெக்காவிலிருந்து கொண்டுவந்து வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது. கட்டிலின் தலைமாட்டில் ‘வாய்வழி எதுவும் தரக்கூடாது’ என்ற அட்டை தொங்கியிருக்கும், உங்கள் தோழி அதைப் பார்த்துத் தடுத்திருப்பார். அவர் மேல் கோபம் வேண்டாம், புரையேறிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த அட்டை இன்னும் தேவையா என்று டாக்டரிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். சாகும் தறுவாயில் இருப்பவர் விரும்பினால், விழுங்க முடிந்தால், குடிக்க உதவுங்கள் என்றுதான் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. விழுங்க முடியாதவருக்கும் உதட்டை நனைக்கலாமே. தலையைக் கொஞ்சம் உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, சின்ன மென்மையான பிரஷ்ஷை அந்தத் தண்ணீரில் தோய்த்து, உதறிவிட்டு, மகள் கையில் கொடுங்கள். உதட்டில், ஈறில், நாக்கின் நுனியில் தடவட்டும். நீங்கள் எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் வாய்ப் பராமரிப்புதான் இது. குழாய்த் தண்ணீருக்குப் பதில் ஜம்ஜம், நர்ஸின் கைக்குப் பதில் மகளின் கை.

புதிர் போட்ட அந்த மகளிடம், கடைசி இரண்டு நாள், அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அந்த மூத்த நர்ஸ் கேட்டார். டீ என்றார் மகள், இரண்டு சர்க்கரையோடு, நிறைய பாலோடு. கோப்பையில் டீ போட்டு வந்து, ஆறவைத்து, அதில் தோய்த்து உதட்டை நனைக்கக் கற்றுக்கொடுத்தார். காய்ந்து வெடித்திருந்த உதடு அசைந்தது. நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று சங்கில் பால் ஊற்றியது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர்களிடம் அதற்கு மந்திரம் இல்லை, பெயர்கூட இல்லை. ஆனாலும் பால் ஊற்றியது பால் ஊற்றியதுதான்.

இப்படி நீங்கள் கூர்ந்து பார்த்தால் உங்கள் வார்டிலேயே சடங்குகள் நிறைய நடக்கின்றன. ஒருவர் இறந்ததும் ஜன்னலைத் திறந்துவிடும் பழைய நர்ஸுகளைப் பார்த்திருப்பீர்கள். உடலைத் துடைக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “இப்போது உங்களை இந்தப் பக்கம் திருப்புகிறோம்” என்று பேசுவார்கள். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகாதவர்கள்கூடச் செய்வார்கள். இன்றைய ஹாஸ்பைஸ் என்ற ஏற்பாடே ஒரு ஜன்னலில்தான் தொடங்கியது. சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண், நர்ஸாக இருந்து முதுகு வலியால் அந்த வேலையை விட்டுவிட்டு, மருத்துவமனையில் சமூக சேவகியாக இருந்தபோது, டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதரைச் சந்தித்தார். உறவு என்று அங்கே யாருமில்லாதவர், புற்றுநோயாளி. அவர் 1948-இல் இறக்கும்போது 500 பவுண்டை சிசிலிக்கு விட்டுச்சென்றார், நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. சிசிலி அதன்பிறகு மருத்துவம் படித்து, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பைஸைத் திறந்தார். வேறு மதம், வேறு நாடு, வேறு தாய்மொழி. அந்த மனிதரிடம் உட்கார்ந்து கேட்டதில் பிறந்ததுதான் நீங்களும் நானும் செய்யும் இந்த வேலை.

“நீ அந்தப் பக்கத்து ஆள்தானே” என்று உங்களை அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. நாகர்கோவிலுக்கும் சில்ஹெட்டுக்கும் உள்ள தூரம் உங்கள் சகாக்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “எனக்கு அவர்கள் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாம்.” கூப்பிடும்போது வங்காளி என்று பொதுவாகச் சொல்லாமல் சில்ஹெட்டி பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். பேரனை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். பாட்டியிடம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டிய பாவத்தை அந்தப் பையன் தலையில் கட்டக்கூடாது, நீங்கள் சொன்னதை அப்படியே சொல்வான் என்பதும் நிச்சயமில்லை. மருத்துவமனையின் ஆன்மிகப் பிரிவில் இமாம் இருக்கிறாரா, இரவிலும் கூப்பிடலாமா என்று கேளுங்கள். கட்டிலைக் கிப்லா பக்கம், அதாவது தொழும் திசையான மெக்கா பக்கம், திருப்பக் கேட்டால் திருப்பிக்கொடுங்கள். நம் ஊரில் மேற்கே பார்த்துத் தொழுவதைப் பார்த்த பழக்கத்தில் தவறிவிடாதீர்கள், இங்கிலாந்திலிருந்து மெக்கா தென்கிழக்கில் இருக்கிறது.

அவர்களின் பெரிய பயம் பெரும்பாலும் மரணத்தைவிட அடக்கம் தாமதமாவதுதான். இங்கிலாந்தில் 2024 செப்டம்பர் 9 முதல், கரோனர் என்ற மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும், மெடிக்கல் எக்ஸாமினர் என்ற தனி மருத்துவர் சரிபார்த்தபிறகுதான் பதிவு செய்ய முடியும். ஆகவே வெள்ளிக்கிழமை மதியமே, “இந்தப் பாட்டி வாரக்கடைசியைத் தாண்டுவது கஷ்டம், குடும்பம் சீக்கிரம் அடக்கம் செய்ய விரும்புகிறது, சான்றிதழ் யார் எழுதுவார்கள்?” என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். இதை முன்கூட்டியே செய்துவிட்டேன் என்று குடும்பத்திடம் சொல்லிப் பாருங்கள், இருபது பேரின் சத்தமும் பாதியாகக் குறையும்.

இதெல்லாம் சொன்னேன் என்பதற்காக, முஸ்லிம் என்றால் இப்படி, ஆங்கிலேயர் என்றால் அப்படி என்று அட்டவணை போட்டுக்கொள்ளாதீர்கள். ‘பண்பாட்டுப் பணிவு’ என்ற சொல்லைப் பரவச்செய்த 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு சம்பவம் வரும். அறுவை சிகிச்சை முடிந்த லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர் வலியில் முனகுகிறார். அவர் மிகவும் வலியில் இருக்கிறார் போலிருக்கிறதே என்று அங்கே வந்த மருத்துவர் நர்ஸிடம் சொல்கிறார். ஹிஸ்பானிக் நோயாளிகள் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்று பண்பாட்டு வகுப்பில் படித்திருக்கிறேன் என்று தள்ளிவிடுகிறார் நர்ஸ். படித்த பாடமே கண்ணை மறைத்துவிட்டது. பாட்டியின் குடும்பத்திடம், “உங்களுக்கு எது முக்கியம், நாங்கள் எதைச் செய்யக்கூடாது, சொல்லித்தாருங்கள்” என்று கேட்டுவிட்டால் பாதி அட்டவணை தேவைப்படாது.

மேனேஜருக்கு எழுதித் தருவது பற்றி. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள், யாரிடம் சொல்லவில்லை. ‘எங்கள் பண்பாட்டில் இப்படித்தான்’ என்பதை ஒரு வரியில் காரணமாகச் சொல்லலாம், கேடயமாகப் பிடிக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் யூனியன் பிரதிநிதியிடம் ஒருமுறை காட்டுங்கள். மகளிடம் வருத்தம் தெரிவிக்க வாய்ப்பு கேளுங்கள். மன்னிப்புக் கேட்பது மட்டுமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று அங்கே 2006-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, பயப்பட வேண்டாம். அவரைச் சந்தித்தால் விளக்கம் வேண்டாம். “உங்கள் அப்பா என்னிடம் கேட்டார். நான் சரியான பதில் சொல்லவில்லை. சித்தப்பாவோடு பேசும் வாய்ப்பு போய்விட்டது. மன்னியுங்கள்” என்றால் போதும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லுங்கள். தனியாகக் கிடக்கவில்லை என்று தெரிவது அந்தப் பெண்ணுக்குப் பெரிது.

அழுகை வருவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நர்ஸுகள் பெட்பேன் கழுவும் அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதை நானும் பார்த்திருக்கிறேன், அந்த ஊர் நர்ஸுகளையும் சேர்த்துத்தான். நோயாளி உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வராதவரை அழுகை குற்றமில்லை. ஆனால் உங்கள் அழுகை முழுவதும் அந்த வார்டைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, “சும்மா காய்ச்சல்தான் மக்களே.” அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் வீட்டார் உங்களுக்குச் சொன்னதும், நீங்கள் அந்தத் தாத்தாவுக்குச் சொன்னதும் ஒரே வாக்கியம். இரண்டும் அன்பில் சொன்னவைதான். உண்மையைச் சொல்லியிருந்தால், டிக்கெட் போட்டிருப்பீர்களோ இல்லையோ, குறைந்தது போனிலாவது அப்பாவிடம் பேச வேண்டியதைப் பேசியிருப்பீர்கள். அந்த மகள் இன்று எதை நினைத்துக் கோபப்படுகிறார் என்பது அந்த வார்டில் வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

யார்மேலும் கோபப்படச் சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அம்மா தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேளுங்கள். என்ன சாப்பிட்டார், யார் யார் வந்தார்கள், யார் ஜெபம் பண்ணினார்கள், வலி இருந்ததா என்று. அப்புறம், ‘எனக்கு என்னவாயிற்று’ என்று அப்பா யாரிடமாவது கேட்டாரா என்றும் கேளுங்கள்.